கல்லா ஒன்று சொல்ல, கோப்பு ஒன்று சொல்ல

அத்தியாயம் 7: பிழையைப் பதிவிலேயே பிடிப்பது

பொங்கல் விடுமுறையின் கடைசி ஞாயிறு, இரவு ஒன்பதரை. வேடந்தாங்கல் ஏரிக்குப் போகும் சாலையில் அத்தையின் டீக்கடை. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் பார்க்க வந்த கூட்டம் பொழுது சாய்ந்ததும் கலைந்துவிட்டது. அத்தை கல்லாவைக் கவிழ்த்து, நோட்டுகளை அடுக்கி, சில்லறையைத் தனியே குவித்து எண்ணி முடித்தார். நான் லேப்டாப்பில் கணக்குக் கோப்பைத் திறந்து வைத்திருந்தேன்.

“ஏம்பா, கல்லாவுல நாலாயிரத்து முந்நூத்தம்பது இருக்குது. உன் கம்ப்யூட்டரு இன்னா சொல்லுது?”

“நாலாயிரத்து எண்ணூறு இருக்கணுமாம் அத்தை.”

“அப்போ நானூத்தம்பது ரூபாயக் கூழைக்கடா முழுங்கிடுச்சா?”

வித்தியாசம் 450. அதை 9-ஆல் வகுத்தேன். மீதியில்லாமல் 50 வந்தது. கோப்பில் ‘₹50’ என்று தேடினேன். முந்தைய நாள் பதிவு ஒன்று அகப்பட்டது:

2025-01-18 பால்
    செலவு:பால்      ₹50
    சொத்து:கல்லா

பால்காரர் கொடுத்த சீட்டில் 500. நான் அடித்தது 50. ஒரு சைபரை விட்டால், எழுதியிருக்க வேண்டிய தொகை எழுதியதைப்போல் பத்து மடங்கு; ஆகவே வித்தியாசம் ஒன்பது மடங்கு. அதனால்தான் 9-ஆல் வகுத்ததும் தப்பாக எழுதிய எண்ணே வந்து நின்றது.

இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அத்தை கல்லாவை எண்ணியதால் அகப்பட்டது. எண்ணாமல் விட்டிருந்தால், அந்தப் பதிவை நான் பத்து முறை திரும்பப் படித்தாலும் சரியென்றே தோன்றியிருக்கும். தப்பாக எழுதிய கண், தப்பாகவே படிக்கும். இந்த அத்தியாயம் முழுக்க ஒரே விஷயம்தான்: கோப்பில் உள்ள ஒவ்வொரு முக்கியமான எண்ணும், எழுதிய கையைத் தவிர இன்னொரு வழியாகவும் வந்து சேர வேண்டும். இரண்டு வழியும் ஒரே இடத்தில் சந்தித்தால் கணக்கு சரி. ‘இனிமேல் கவனமாக இரு’ என்பது அறிவுரை. அதனால் கணக்கு சரியாகாது.

இரட்டைப் பதிவு எதைப் பிடிக்காது

லெட்ஜர், ஹெச்-லெட்ஜர், பீன்கவுன்ட் என்ற டெக்ஸ்ட் கணக்கு மென்பொருள்கள் மூன்றுமே இரட்டைப் பதிவு முறையில் ஓடுபவை. பற்றும் வரவும் சமமாகாவிட்டால் உடனே கத்தும். இதைப் பார்த்துப் புதிதாக வருபவர்கள், ‘கத்தவில்லை, எனவே சரி’ என்று நம்பிவிடுகிறார்கள். மேலே உள்ள பால் பதிவைப் பாருங்கள். இரண்டாவது வரியில் தொகை எழுதவில்லை. மென்பொருளே கழித்து நிரப்பிக்கொண்டது. ஒரு பக்கம் தப்பென்றால் மறுபக்கமும் அதே அளவு தப்பு. சமமாகத்தான் இருக்கும்.

சமமாக இருந்தும் தப்பாக இருக்கும் பதிவுகள் ஐந்து வகை: எழுதவே விட்டுப்போனது, இரண்டு முறை எழுதியது, தொகை பிசகியது, வேறு கணக்கின் தலையில் விழுந்தது, தேதி மாறியது. இரட்டைப் பதிவு இந்த ஐந்தில் ஒன்றையும் பிடிக்காது. நாம்தான் பொறி வைக்க வேண்டும்.

ஓலையில் சைபர் இல்லை

எழுதி வைப்பதன் அருமை இந்த ஊருக்குப் பழக்கம். ஏரியில் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் கவுல் என்ற உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்ட ஊர் இது. அதற்கும் முன்னால், 1767-க்கும் 1774-க்கும் இடையில் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். வீடு, நிலம், ஏரி, கோயில், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவரங்களை ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதியிருந்தார்கள். எந்த மென்பொருளும் இல்லாமல் படிக்கக்கூடிய, வரிவரியான எழுத்துக் கணக்கு. நம் டெக்ஸ்ட் கோப்புக்கு முப்பாட்டன் என்று சொல்லலாம்.

அந்த எழுத்தில் பிழை தடுக்கும் இரண்டு குணங்கள் இருந்தன. முதலாவது, எண்முறை. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி. ஐம்பது என்றால் ௫௰. ஐந்நூறு என்றால் ௫௱. சைபரே கிடையாது, எனவே சைபர் விட்டுப்போகவும் வழி கிடையாது. என் பால் பதிவு ஓலையில் நடந்திருந்தால், நான் ஒரு குறியையே வேறாக எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது, எழுத்தாணி. கீறியது கீறியதுதான். திருத்தினால் திருத்திய தழும்பு தெரியும்.

நம் கோப்பில் இந்த இரண்டும் இல்லை. விரல் தடுமாறினால் சைபர் போய்விடும். பேக்ஸ்பேஸ் அடித்தால் தடயமும் போய்விடும். 2003-ல் வந்த யூனிகோடு 4.0, கணக்குப்பிள்ளைகளின் பற்றுக் குறி ௶, வரவுக் குறி ௷ இரண்டையும் கணினிக்குள் கொண்டுவந்தது. ஜான் வீக்லி லெட்ஜர் மென்பொருளைத் தொடங்கியதும் அதே 2003-ல்தான். குறி வந்துவிட்டது, அவர்களுடைய காவலை நாம்தான் வேறு வழியில் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

பொறி 1: கணக்குப் பெயரைக் கையால் அடிக்காதீர்கள்

தமிழில் கணக்கு எழுதுபவர்களுக்கு வரும் சிக்கல் இது. கடையில் பால்பவுடர் வாங்குகிறோம். ஒரு நாள் ‘பவுடர்’, ஒரு நாள் ‘பௌடர்’, அவசரத்தில் ஒரு நாள் ‘பெளடர்’. மூன்றாவதை உற்றுப் பாருங்கள்: அது ஔகார உயிர்மெய் இல்லை, ‘பெ’ என்ற எழுத்தும் ‘ள’ என்ற எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. மூன்றும் மூன்று கணக்குகளாகி, பால்பவுடர் செலவு மூன்றாகச் சிதறிவிடும்.

‘சொத்து’ என்ற சொல்லிலும் ஆபத்து உண்டு. ‘சொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. துண்டாகச் சேமித்ததை யூனிகோடு இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘பெளடர்’ போன்றதை அது தொடாது. அதன் கணக்கில் ‘ள’ ஒரு முழு எழுத்து. டீத்தூள், டீதூள், தேயிலை என்று நாம் சந்தியிலும் சொல்லிலும் மாற்றி மாற்றி எழுதுவது தனிக் கதை.

மருந்து எளிது. இரண்டாம் அத்தியாயத்தில் கோப்பின் தலையில் கணக்குப் பெயர்களை அறிவித்தோம் அல்லவா? அந்தப் பட்டியல் இருந்தால், ஹெச்-லெட்ஜரை ‘ஸ்ட்ரிக்ட்’ முறையில் ஓட்டும்போது பட்டியலில் இல்லாத பெயர் வந்த இடத்தில் நின்றுவிடும். பீன்கவுன்ட்டில் திறக்காத கணக்கில் எழுதவே முடியாது. எழுதும்போது விஎஸ் கோட், ஈமேக்ஸ் போன்ற எடிட்டர்கள் முதல் இரண்டு எழுத்திலேயே பெயரை எடுத்துக் கொடுக்கும். புதுக் கணக்கு வேண்டுமென்றால் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பிறகு எழுதுங்கள். அந்த அரை நிமிடத் தாமதமே ஒரு காவல்.

பொறி 2: ரூபாய்க்கு ஒரே முகம்

ஒரு வரியில் ₹900, அடுத்த வரியில் ரூ900 என்று எழுதினால் மென்பொருளுக்கு அவை இரண்டு நாணயங்கள். கத்தும் என்றுதானே நினைப்பீர்கள்? கத்தாது. டாலர் கொடுத்து ரூபாய் வாங்கியதைப்போல ஒரு நாணய மாற்றம் என்று எண்ணி, லெட்ஜரும் ஹெச்-லெட்ஜரும் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். ஸ்ட்ரிக்ட் முறையில்தான் ஹெச்-லெட்ஜர் இதை மறுக்கும். 2010-ல் வந்த ₹ குறியையே எங்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்புள்ளியும் கவனம். ‘₹1,500’ என்று எழுதியதை, வேறு அறிவிப்பு இல்லாவிட்டால், ஹெச்-லெட்ஜர் ஒன்றரை ரூபாயாக எடுத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் பல நாடுகளில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. ‘₹1,00,000.00’ என்று நம் ஊர் வழக்கப்படி ஒரு மாதிரித் தொகையைத் தலைப்பில் அறிவித்துவிட்டால் இந்த வம்பு இல்லை. அறிவிக்கும்வரை காற்புள்ளி இல்லாமலே எழுதுங்கள்.

பொறி 3: இரண்டு இடைவெளி

என் கையால் நடந்த மிகப் பெரிய பிழை, கண்ணுக்கே தெரியாத பிழை:

2025-01-11 கேஸ் சிலிண்டர்
    செலவு:கேஸ் ₹1960
    சொத்து:கல்லா      ₹-1960

முதல் வரியில் கணக்குப் பெயருக்கும் தொகைக்கும் நடுவே ஒரே ஓர் இடைவெளி. கணக்குப் பெயருக்குள் இடைவெளி வரலாம் என்பதால், பெயர் முடிந்ததைக் காட்ட லெட்ஜரும் ஹெச்-லெட்ஜரும் குறைந்தது இரண்டு இடைவெளி கேட்கின்றன. ஒன்று மட்டும் விட்டதால் ‘செலவு:கேஸ் ₹1960’ என்பதே முழுக் கணக்குப் பெயராகிவிட்டது. அந்த வரியில் தொகை இல்லை என்று மென்பொருள் தானே 1960-ஐ நிரப்பிக்கொண்டது. கல்லா இருப்பு சரி, மொத்தச் செலவும் சரி. ஒரே வரியை நகலெடுத்து நகலெடுத்து எழுதியதால் மூன்று மாதம், கேஸ் கணக்கில் ஒரு பைசா செலவில்லாமல் டீ போட்ட கடையாகிவிட்டது எங்களுடையது. பெயர்ப் பட்டியலும் ஸ்ட்ரிக்ட் முறையும் இருந்திருந்தால் முதல் நாளே நின்றிருக்கும்.

பொறி 4: ஜனவரியின் தேதி

வேடந்தாங்கலின் சீசன் நவம்பரிலிருந்து மார்ச் வரை. வியாபாரம் சூடுபிடிக்கும் ஜனவரியில்தான் வருடமும் மாறுகிறது. கை பழக்கத்தில் ‘2024-01-05’ என்று அடித்துவிடும். பதிவு ஓராண்டு பின்னால் போய், போன நிதியாண்டின் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஹெச்-லெட்ஜரில் தேதி வரிசையைச் சோதிக்கும் கட்டளை தனியாக உண்டு. முந்தைய பதிவைவிடப் பின்னோக்கிப் போகும் தேதியை அது காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரிக்ட் முறையில் அது தானாகச் சேர்வதில்லை. கேட்டு ஓட்ட வேண்டும்.

வங்கியிலிருந்து இறக்கும் சிஎஸ்வி கோப்பில் நாள் முதலில், மாதம் அடுத்து. அதை அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் என்று படிக்கச் சொல்லிவிட்டால், 05/01/2025 மே 1 ஆகிவிடும். 12-ஆம் தேதிக்கு மேல் இருந்தால் மென்பொருள் மறுக்கும்; 1 முதல் 12 வரையிலான தேதிகளை வாய் திறக்காமல் விழுங்கிவிடும். இறக்குமதி விதியைச் சோதிக்கும்போது மாதத்தின் முதல் வாரத்து வரிகளைப் பாருங்கள்.

பொறி 5: ஒவ்வொரு பணத்துக்கும் ஒரே வாசல்

இரட்டிப்புப் பதிவு பெரும்பாலும் யுபிஐயில் வருகிறது. சவுண்ட் பாக்ஸ் சொன்னதைக் கேட்டு மாலையில் ஒரு முறை எழுதுவோம். மாதக் கடைசியில் வங்கிக் கோப்பை இறக்கும்போது அதே பணம் மறுபடி வரும். ஹெச்-லெட்ஜரின் இறக்குமதிக் கட்டளை, கடைசியாகப் படித்த தேதியை நினைவில் வைத்துப் புதிய வரிகளை மட்டும் சேர்க்கும். ஆனால் நாம் கையால் எழுதியதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

ஆகவே ஒரு கட்டுப்பாடு: ரொக்கம் கடையின் சிட்டையிலிருந்து (அன்றாடக் குறிப்பேடு) மட்டும், யுபிஐ வங்கிக் கோப்பிலிருந்து மட்டும். சவுண்ட் பாக்ஸின் நாள் மொத்தத்தைப் பதிவாக எழுதாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழி என்றோமே, அது இதுதான்.

கல்லாப் பணத்தை வங்கியில் கட்டும்போது இரண்டு வாசலும் ஒன்றையொன்று முட்டும். சிட்டையில் ‘வங்கிக்குக் கட்டியது’ என்று இருக்கும். வங்கிக் கோப்பிலும் வரவாக இருக்கும். நடுவில் ஒரு திண்ணை கட்டுங்கள்:

2025-01-20 வங்கிக்குக் கட்டியது
    சொத்து:வழியில்      ₹4000
    சொத்து:கல்லா        ₹-4000

2025-01-20 ரொக்க வரவு
    சொத்து:வங்கி        ₹4000
    சொத்து:வழியில்      ₹-4000

முதல் பதிவு சிட்டையிலிருந்து, இரண்டாவது வங்கிக் கோப்பிலிருந்து. ‘வழியில்’ கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்கு வந்தால் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. வராவிட்டால், ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு முறை ஏறியிருக்கிறது.

பொறி 6: எண்ணியதை எழுதி வைப்பது

ஒரே ஒரு பொறிதான் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். கல்லாவை எண்ணியதும், எண்ணிய தொகையைக் கோப்பிலேயே சாட்சியாக எழுதிவிடுங்கள்:

2025-01-19 கல்லா எண்ணியது
    சொத்து:கல்லா      ₹0 = ₹4350

இந்தப் பதிவு பணம் எதையும் நகர்த்தாது. ‘இந்த நேரத்தில் கல்லாவில் 4350 இருந்தது’ என்று சொல்லும். இதற்கு முன்னால் எங்காவது ஒரு தொகை பிசகினால் மென்பொருள் இந்த வரியில் நின்றுவிடும். நாளைக்கு நீங்களே பழைய பதிவு ஒன்றைத் தவறுதலாகத் தொட்டாலும் நின்றுவிடும். ஓலையின் தழும்பு செய்த வேலையை இது செய்கிறது. சாட்சி வாரம் ஒன்று என்றால் பிழையை ஒரு வாரத்துக்குள் தேடினால் போதும். மாதம் ஒன்று என்றால் ஒரு மாதத்தைக் கிளற வேண்டும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். தொகை எதுவும் எழுதாமல் சமக்குறி மட்டும் போட்டு, கீழே இன்னொரு கணக்கையும் வெறுமனே விட்டால், மென்பொருள் வித்தியாசத்தை அந்தக் கணக்கில் தள்ளி உங்களைச் சமாதானப்படுத்திவிடும். பீன்கவுன்ட்டின் ‘பேட்’ கட்டளையும் அப்படித்தான். தொடக்க இருப்பு எழுதுவதற்கு உதவும். பிழை தேடும்போது திரைபோட்டு மறைக்கும். அடுத்தது, வரிசை: ஹெச்-லெட்ஜர் சாட்சியைத் தேதி வரிசையில் பார்க்கும், லெட்ஜர் கோப்பில் எழுதிய வரிசையில் பார்க்கும். மூன்றாவது, நேரம்: பீன்கவுன்ட் அந்தத் தேதியின் தொடக்க இருப்பைச் சோதிக்கும், இரவில் எண்ணியதை அடுத்த நாள் தேதியிட்டு எழுத வேண்டும்.

தேடியும் கிடைக்காத ஐந்து, பத்து ரூபாய் இருக்கத்தான் செய்யும். அதை டீத்தூள் செலவில் சொருகாதீர்கள். ‘செலவு:கல்லா வித்தியாசம்’ என்று பெயர் சொல்லி எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்தக் கணக்கு வீங்கியிருந்தால், சில்லறை கொடுப்பதில் கோளாறா, எழுதுவதில் கோளாறா என்று உட்கார்ந்து பார்க்கலாம்.

கணக்கு உதைத்தால்

வித்தியாசத்தை வைத்துக்கொண்டு முதலில் இந்த மூன்றையும் பாருங்கள்.

அதே தொகை கோப்பில் இருக்கிறதா? இருந்தால் இரண்டு முறை ஏறியிருக்கலாம். சீட்டில் இருந்து கோப்பில் இல்லையென்றால் விட்டுப்போயிருக்கலாம்.

வித்தியாசத்தில் பாதித் தொகை இருக்கிறதா? செலவை வரவாகவோ, வரவைச் செலவாகவோ எழுதியிருக்கலாம்.

9-ஆல் மீதியின்றி வகுபடுகிறதா? சைபர் விட்டிருக்கலாம், அல்லது பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்.

திருத்தும்போது தடயம் வேண்டும். கோப்பை ‘கிட்’ மென்பொருளில் வைத்து ஒவ்வோர் இரவும் ஒரு குறிப்புடன் சேமியுங்கள். எந்த வரி என்றைக்கு மாறியது என்று பிறகு பார்க்கலாம். சேமிக்கும் முன் அன்றைக்கு மாறிய வரிகளை மட்டும் ஒரு முறை படித்துவிடுங்கள். முழுக் கோப்பில் ஒளிந்துகொள்ளும் பிழை, பத்து வரியில் பளிச்சென்று தெரியும்.

சுவரில் ஒட்டிக்கொள்ள

தினமும்: சிட்டையிலிருந்து எழுது. ஸ்ட்ரிக்ட் சோதனை ஓட்டு. மாறிய வரிகளைப் படி. கிட்டில் சேமி.

வாரம் ஒரு முறை: கல்லாவை வேறொருவர் எண்ணட்டும், சாட்சி வரி எழுது. ‘வழியில்’ பூஜ்யமா என்று பார். தேதி வரிசையைச் சோதி.

மாதம் ஒரு முறை: வங்கி இருப்புக்குச் சாட்சி வரி எழுது. ‘கல்லா வித்தியாசம்’ எவ்வளவு என்று பார்.

பயிற்சி

பிப்ரவரி மாதத்து ஒரு ஞாயிறு. கோப்பு சொல்வது ₹6120, கல்லாவில் ₹5940. அந்த வாரத்துப் பதிவுகளில் இவை இருக்கின்றன: டீத்தூள் செலவு ₹240, பிஸ்கட் விற்பனை வரவு ₹90, பன் செலவு ₹20. எதன்மேல் சந்தேகம்?

விடை: மூன்றின்மேலும். வித்தியாசம் 180. அதன் பாதி 90. பிஸ்கட் உண்மையில் விற்பனையா, கொள்முதலா? 180-ஐ 9-ஆல் வகுத்தால் 20. பன் ₹20-ஆ, ₹200-ஆ? 240-ஐத் திருப்பினால் 420, வித்தியாசம் அதே 180; டீத்தூள் பில் எவ்வளவு? கணக்கு நம்மை மூன்று கதவு வரைக்கும் கொண்டுவந்து விடும். எதைத் திறப்பது என்று அது சொல்லாது.

அதைச் சொல்வதற்காகத்தான் அத்தை அடுப்புக்குப் பின்னால் ஒரு கம்பி வைத்திருக்கிறார். வந்த பில்லையெல்லாம் அதில் குத்தி வைப்பார். நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு 9-ஆல் வகுத்துக்கொண்டிருக்கும்போதே, அவர் பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “டீத்தூள் நானூத்தி இருபதுப்பா. இங்க இருக்குது பாரு.”